உரிமை காப்போர்க்கு ஓர் அரண்

பசித்தவர்க்குச் சோறிடுவாரையும், கல்லாதவர்க்கு எழுத்தறிவிப்பாரையும் உலகம் போற்றுகின்றது. பிறர்க்கு இழைக்கப்பெறும் கொடுமையைக் கண்டு, 'இது முறையன்று' என உரைப்பாரையோ அது பெரும்பாலும் ஐயுறுகின்றது. நிலத்தை இழந்த உழவர்க்காக வழக்காடும் வழக்கறிஞர், சிறையில் அடியுண்டவன் நிலையை வெளியிடும் செய்தியாளர், ஆற்றில் எண்ணெய் கலப்பதைத் தடுக்கக் கூட்டம் கூட்டும் ஆசிரியர், காணாமற்போன மகனைத் தேடி அலுவலகங்களின் வாயில்தோறும் நிற்கும் தாய் ஆகிய இவர் எல்லாரும் ஓரினத்தவர். இவரை 'மனித உரிமை காப்போர்' என்று இக்காலத்தார் வழங்குவர். இப்பெயர் பெறுதற்குப் பட்டமோ பதவியோ வேண்டுவதில்லை. வன்முறையை நாடாது பிறர் உரிமைக்குப் பாடுபடும் செயல் ஒன்றே போதும்.

மனுநீதிச் சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டியிருந்தான் என்பது தமிழ்ப் பிள்ளைகள் நன்கறிந்த கதை. கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்தது. அரசன் முறை செய்தான். அக்கதையில் எவரும் எளிதிற் கவனியாத செய்தி ஒன்று உண்டு. மணியை அசைத்த பசுவை வாயிற்காவலர் அடித்துத் துரத்தவில்லை. இன்று நாடுகள் பலவற்றில் மணி இல்லாமல் இல்லை. அரசியலமைப்புச் சட்டமும் நீதிமன்றமும் யாண்டும் உள. மணியை அசைக்க வருவாரைக் காப்பதற்கே வழி தேட வேண்டியிருக்கின்றது. அத்தகைய வழியை நாடுதோறும் தனித்தனியே தேடாது, கண்டம் முழுமைக்கும் பொதுவாக வகுத்துக்கொள்ள முயன்றது ஆப்பிரிக்கா.

அக்கண்டத்தில் உரிமைக்காகத் துன்புற்றோர் வரிசை மிக நீண்டது. தமிழர்க்கும் அவ்வரிசையில் இடமுண்டு. ஜோகன்னஸ்பர்க் நகரிற் பிறந்து, காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் நடத்திய அறப்போரில் சிறைபுகுந்து, விடுதலை பெற்ற சில நாள்களிலேயே 1914-இல் பதினாறாம் அகவையில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையை அறியாதார் இலர். அக்காலத்தில் ஆப்பிரிக்க மண்ணில் கொடுமை செய்தோர் அயலவர். ஆதலின், அயலவர் ஆட்சி நீங்கினால் கொடுமையும் நீங்கும் என்று பலரும் நம்பினர். 1963-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள், எத்தியோப்பியாவின் தலைநகராகிய அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு தோன்றியபொழுதும், எஞ்சிய நாடுகளின் விடுதலையே அதன் தலையாய நோக்கமாய் இருந்தது. ஒரு நாட்டின் உள்நாட்டுக் காரியங்களில் மற்றொரு நாடு தலையிடுதல் ஆகாது என்பது அவ்வமைப்பின் உறுதியான கொள்கை.

அக்கொள்கை புதிய நாடுகளின் தன்னுரிமையைக் காத்தது. கொடுங்கோலர்க்கும் அதுவே கேடயமாயிற்று. உகாண்டாவில் இடி அமீனும், மத்திய ஆப்பிரிக்காவில் பொகாசாவும், எக்குவடோரியல் கினியில் மாசியாசும் தம் குடிகளை வருத்தியபொழுது, ஒற்றுமை அமைப்பு வாய் திறவாது இருந்தது. வாய் திறவாமை மட்டுமோ! 1975-இல் அவ்வமைப்பின் தலைவர் பதவியிலேயே இடி அமீன் அமர்ந்திருந்தார். அம்மூவர் ஆட்சியும் 1979 என்னும் ஒரே ஆண்டில் வீழ்ந்தன. அவ்வாண்டிலேயே, லைபீரியாவின் மன்ரோவியா நகரிற் கூடிய தலைவர்கள் ஆப்பிரிக்காவிற்கென மனித உரிமைச் சாசனம் ஒன்று வரையப்பெறுதல் வேண்டும் என்று முடிவு செய்தனர்.

செனகல் நாட்டு நீதியரசர் கேபா ம்பாய் என்பார் தலைமையில் அறிஞர் குழு அதனை வரைந்தது. வரைவைத் திருத்திச் செப்பஞ்செய்யும் பணி காம்பியாவின் தலைநகராகிய பான்ஜுலில் நிகழ்ந்தமையின், அதற்குப் 'பான்ஜுல் சாசனம்' என்ற பெயரும் உண்டு. 1981-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நைரோபியில் ஏற்கப்பெற்று, 1986-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இன்று ஆப்பிரிக்க ஒன்றியத்தின் 55 உறுப்பு நாடுகளுள் மொராக்கோ ஒன்று நீங்கலாக ஏனைய 54 நாடுகளும் அதற்குக் கட்டுப்பட்டவை.

இச்சாசனம் பிற கண்டங்களின் சாசனங்களைப் பார்த்து எழுதிய படி அன்று. தனி மனிதன் உரிமையோடு மக்கள் கூட்டத்தின் உரிமையையும் அது பேசுகின்றது. உரிமையோடு கடமையையும் பேசுகின்றது. நல்ல சூழலில் வாழ்தலும் மக்களுக்குரிய உரிமையே என அதன் 24-ஆம் உறுப்பு கூறும். கருத்துரைக்கும் உரிமையை 9-ஆம் உறுப்பும், சங்கம் அமைக்கும் உரிமையை 10-ஆம் உறுப்பும், கூட்டம் கூடும் உரிமையை 11-ஆம் உறுப்பும் வழங்குகின்றன. உரிமை காப்போர் என்னும் பெயர் சாசனத்தில் யாண்டும் காணப்பெறவில்லை. எனினும், அவர்க்கு வேண்டிய கருவிகள் இம்மூன்று உறுப்புகளிலும் அடங்கியுள்ளன.

ஆயினும் ஒரு குறை உண்டு. 'சட்டத்திற்கு உட்பட்டு' என்னும் தொடர் அவ்வுறுப்புகளில் இடம் பெற்றுள்ளது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்ள இத்தொடர் அரசுகளுக்கு உதவுமன்றோ? வேண்டாத சட்டம் ஒன்றை இயற்றிக்கொண்டு, 'எம் சட்டப்படியே தடுத்தோம்' என ஓர் அரசு கூறுமாயின் அதற்கு விடை யாது? சாசனத்தைக் காக்க 1987-இல் அமைக்கப்பெற்ற, பதினொருவர் கொண்ட ஆப்பிரிக்க மனித, மக்கள் உரிமை ஆணையம் இதற்கு நேரிய விடையைக் கண்டது. ஈண்டுச் சட்டம் என்பது, ஓர் அரசு தன் விருப்பம்போல் இயற்றும் எதனையும் குறியாது. உலகு ஒப்பிய அளவுகோல்களுக்கு இயைந்த சட்டத்தையே குறிக்கும் என அது பொருள் கொண்டது. ஒரு சொற்றொடர்க்கு உரிய உரை கண்டு ஆணையம் செய்த இவ்வுதவி சிறிதன்று.

ஆணையத்தின் ஆற்றல் எத்துணைத்து என்பதைக் காட்டிய வழக்கு நைஜீரியாவினது. அந்நாட்டின் நைஜர் ஆற்று முகத்துவாரப் பகுதியில் ஒகோனி என்னும் சிறு இனத்தார் வாழ்கின்றனர். உழவும் மீன்பிடித்தலுமே அவர்தம் வாழ்வு. அவர் நிலத்தடியிலிருந்து எடுக்கப்பெற்ற எண்ணெயால் செல்வம் பிற இடங்களிற் குவிய, கழிவு எண்ணெயே அவர்தம் வயலிலும் நீர்நிலையிலும் தங்கிற்று. எழுத்தாளராகிய கென் சாரோ-விவா அம்மக்களுக்காகக் குரல் எழுப்பினார். 1993-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இலக்கக்கணக்கான ஒகோனியர் அமைதியாக ஊர்வலம் சென்றனர். அடுத்த ஆண்டில் ஒகோனித் தலைவர் நால்வர் ஒரு கும்பலாற் கொல்லப்பெற்றனர். அக்கொலையைத் தூண்டினார் என்று சாரோ-விவா மீது பழி சுமத்தி, இராணுவ அரசு தானே அமைத்த தனி மன்றத்தின் முன் அவரை நிறுத்தியது. அம்மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழியில்லை. அவர்க்கும் பிறர் எண்மர்க்கும் மரண தண்டனை விதிக்கப்பெற்றது.

வழக்கு ஏற்கெனவே பான்ஜுல் ஆணையத்தின் முன் இருந்தது. தான் ஆராய்ந்து முடிக்குமட்டும் தண்டனையை நிறுத்தி வைக்குமாறு ஆணையம் 1995-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நைஜீரிய அரசைக் கேட்டுக்கொண்டது. அரசு அதனைச் செவியில் வாங்கவில்லை. நவம்பர் 10-ஆம் நாள் ஒன்பதின்மரும் தூக்கிலிடப்பெற்றனர். மூன்றாண்டுகள் கழித்து, 1998-இல், ஆணையம் தன் முடிவை வெளியிட்டது. உயிர் வாழும் உரிமையும் நேரிய விசாரணை பெறும் உரிமையும் மீறப்பெற்றன என்றும், கருத்துரைத்தல், சங்கம் அமைத்தல், கூட்டம் கூடுதல் ஆகிய உரிமைகளும் அவற்றோடு மீறப்பெற்றன என்றும் அது கூறிற்று. நிறுத்தி வைக்குமாறு கேட்டதைப் புறக்கணித்ததே சாசனத்தை மீறிய செயல் என்றும் அது தீர்த்துரைத்தது. இறந்தோர்க்கு அதனால் யாது பயன் என்று கேட்கலாம். அவர்க்குப் பயனில்லை; ஆயின், இடைக்கால ஆணையை மதித்தல் அரசின் கடமை என்னும் நெறி அன்று நிலைநாட்டப்பெற்றது. 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நைஜீரிய அதிபர் அவ்வொன்பதின்மர்க்கும் மன்னிப்பு வழங்கினார். குற்றம் செய்யாதவர்க்கு மன்னிப்பு எதற்கு, குற்றமற்றவர் எனச் சாற்றுதலே முறை என்று ஒகோனியர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். அவர் கூற்றில் நியாயம் உண்டு.

அதே 1998-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை உரிமை காப்போர் பற்றிய பிரகடனம் ஒன்றை ஏற்றது. பிறர் உரிமைக்காகத் தனியாகவும் கூட்டாகவும் பாடுபட எவர்க்கும் உரிமை உண்டு என்பதே அதன் சாரம். உலகப் பொதுவாகிய அப்பிரகடனத்தை ஆப்பிரிக்க நாடுகள் தமதாக்கிக்கொண்டன. மொரீசியஸ் தீவின் கிராண்ட் பே என்னும் ஊரில் 1999-இலும், ருவாண்டாவின் தலைநகராகிய கிகாலியில் 2003-இலும் கூடிய அமைச்சர்கள், உரிமை காப்போரைக் காத்தல் அரசுகளின் கடன் எனத் தம் வாயாலேயே ஒப்பினர். பிரகடனம் சட்டமாகாது என்பது உண்மையே. ஆயினும், ஓர் அரசு தானே கையொப்பமிட்ட உரையைப் பின்னொருகால் எடுத்துக்காட்டி, 'அன்று நீ கூறியது யாது?' எனக் கேட்க இயலுகின்றது. வாக்குக் கொடுத்தானை அவ்வாக்கைக் கொண்டே மடக்குதல் வழக்காடுவோர் அறிந்த பழைய முறையேயாகும்.

எழுத்தைச் செயலாக்க ஒருவர் வேண்டும் என்று உணர்ந்த ஆணையம், 2004-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பான்ஜுலில் நிறைவேற்றிய தீர்மானத்தால், தன் உறுப்பினருள் ஒருவரை உரிமை காப்போர்க்கெனச் சிறப்பு அறிக்கையாளராக அமர்த்தியது. எந்நாட்டிலேனும் உரிமை காப்பார் ஒருவர் சிறைப்பட்டார், அச்சுறுத்தப்பெற்றார் என்ற செய்தி வந்தால், அதனை ஆராய்ந்து அந்நாட்டு அரசுக்கு அவசர முறையீடு விடுத்தல் அவர் பணி. அரசு இசைந்தால் அந்நாட்டிற்குச் சென்று சிறைகளையும் அலுவலர்களையும் கண்டு வருவார். ஆணையத்தின் கூட்டந்தோறும் தாம் செய்தவற்றை அறிக்கையாக அளிப்பார். பெனின் நாட்டு வழக்கறிஞர் ரேன் அலாப்பினி-கான்சு என்னும் அம்மையார் இப்பதவியைப் பல ஆண்டுகள் வகித்தார். பின்னர், 2018-இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் நீதிபதியானார். ஆணையத்திடம் முறையிட்டமைக்காகவே ஊர் திரும்பியதும் பழிவாங்கப்பெற்றோர் உண்டு. அவரைக் கவனிக்கும் பொறுப்பையும் ஆணையம் 2014-இல் இவ்வறிக்கையாளரிடமே ஒப்புவித்தது.

இவ்வறிக்கையாளரிடம் படையில்லை, காவலில்லை, சிறைக் கதவின் திறவுகோலும் இல்லை. அவர் விடுக்கும் மடல் ஒன்றே அவர் கருவி. எனினும், பிடித்துச் சென்றவரை யாரும் அறியார் என எண்ணியிருக்கும் அதிகாரிக்குத் தொலைவிலிருந்து ஒரு மடல் வருமாயின், அவன் கை சிறிது தயங்கும். அத்தயக்கத்தாற் பிழைத்த உயிர்கள் உள.

ஆணையம் வீற்றிருக்கும் நாடே பல்லாண்டுகள் உரிமை காப்போர்க்கு அச்சந்தரும் நாடாய் இருந்தது வியப்பினும் வியப்பு. காம்பியாவை 1994 முதல் 2017 வரை யாஹ்யா ஜம்மே என்பார் ஆண்டார். 'த பாயின்ட்' என்னும் நாளிதழின் ஆசிரியர் டேடா ஹைடாரா 2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பான்ஜுலை அடுத்த சாலையில் சுட்டுக் கொல்லப்பெற்றார். உரிமை காப்போரின் உயிர்க்குத் தாம் உறுதி கூற இயலாது என்னுங் கருத்துப்பட, அதிபரே 2009-இல் தொலைக்காட்சியில் மிரட்டினார். அதிபரின் மாளிகையும் உரிமை ஆணையத்தின் அலுவலகமும் ஒரே நாட்டில் இருந்தன! ஆணையம் அஞ்சி வாளாவிருக்கவில்லை. நிலைமை சீர்படாவிடின் தன் கூட்டத்தை வேறு நாட்டிற்கு மாற்றுதல் வேண்டும் எனத் தீர்மானம் இயற்றியது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகத்திற்கு உரிய நீதிமன்றம், ஹைடாரா கொலையைக் காம்பிய அரசு செவ்வனே புலனாயவில்லை என 2014-இல் தீர்ப்பளித்தது.

ஆணையத்தின் முடிவுகள் பரிந்துரைகளாய் நின்றுவிடுதல் கண்டு, கட்டுப்படுத்தும் தீர்ப்பை வழங்கவல்ல நீதிமன்றம் வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. அதற்குரிய உடன்படிக்கை 1998-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் புர்கினா பாசோவின் தலைநகராகிய வாகடூகுவில் ஏற்கப்பெற்று, 2004-இல் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றம் தன்சானியாவின் அருஷா நகரில் அமைந்தது. அந்நீதிமன்றம் தீர்த்த வழக்குகளுள் நோர்பேர் சோங்கோவின் வழக்கு, அவ்வுடன்படிக்கை பிறந்த மண்ணிலேயே எழுந்தது.

சோங்கோ, புர்கினா பாசோவில் வார இதழ் ஒன்றை நடத்தியவர், அஞ்சாது எழுதுபவர். அதிபரின் தம்பியிடம் வண்டியோட்டியாய் இருந்த ஒருவர் 1998-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதிபரின் காவற்படையினரிடம் துன்புறுத்தப்பெற்று இறந்தார். அச்சாவின் உண்மையைத் துருவி வாரந்தோறும் சோங்கோ எழுதிவந்தார். 1998-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள், சபூயி என்னும் ஊரின் அருகே அவரும் உடன் சென்ற மூவரும் எரிந்த வண்டியினுள் பிணமாய்க் கிடந்தனர். ஐக்கிய நாடுகளின் பிரகடனம் பிறந்து அன்றைக்கு நான்கு நாள்களே ஆகியிருந்தன. 'பொறுத்தது போதும்' என்னும் முழக்கத்தோடு நாட்டு மக்கள் தெருவில் இறங்கினர். மக்கள் சினத்திற்கு அஞ்சி அமைக்கப்பெற்ற விசாரணைக் குழு, அவர் எழுத்தின் பொருட்டே கொல்லப்பெற்றார் எனக் கண்டு, ஐயத்திற்குரியோர் அறுவரைச் சுட்டியது. ஒருவர் மீதே வழக்குத் தொடுக்கப்பெற்றது. அதுவும் 2006-இல் சான்றில்லை எனக் கைவிடப்பெற்றது.

உள்நாட்டு வாயில்கள் அடைபட்ட பின், கொலையுண்டோரின் குடும்பத்தார் 2011-இல் அருஷாவை நாடினர். ஆங்கு ஓர் இடர் தோன்றிற்று. கொலை நிகழ்ந்தது 1998-இல். நீதிமன்றத்தின் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததோ 2004-இல். முன் நிகழ்ந்ததை ஆராயும் அதிகாரம் பின் பிறந்த மன்றத்திற்கு உண்டோ? நீதிபதிகள் நுட்பமாக ஒரு வேறுபாடு கண்டனர். கொலை ஒரு நாளில் நிகழ்ந்து முடிந்த செயல்; ஆதலின் அது தம் எல்லைக்குப் புறம்பானது. கொலைஞரைத் தேடிப் பிடியாமையோ ஒரு நாளில் முடிந்த செயல் அன்று. தேடாத ஒவ்வொரு நாளும் அக்குற்றம் தொடர்கின்றது; 2004-க்குப் பின்னும் தொடர்ந்தது. ஆதலின், அதனை ஆராயத் தமக்கு அதிகாரம் உண்டு என்றனர். 2014-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கொலைஞரைத் தேடித் தண்டிக்க உரிய முயற்சி செய்யாமையால் புர்கினா பாசோ தன் கடமையினின்று வழுவியது என்றும், அவ்வழுவினால் ஏனைய செய்தியாளர் நெஞ்சிலும் அச்சம் புகுந்தமையின் கருத்துரிமையும் ஊறுபட்டது என்றும் மன்றம் கூறியது. அடுத்த ஆண்டில், இறந்தோரின் மனைவியர் ஒவ்வொருவர்க்கும் இரண்டரைக் கோடி பிராங்கும், பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும் ஒன்றரைக் கோடி பிராங்கும், பெற்றோர் ஒவ்வொருவர்க்கும் ஒரு கோடி பிராங்கும் அளிக்குமாறும், புலனாய்வை மீண்டும் தொடங்குமாறும் ஆணையிட்டது.

இதற்கிடையே, 2014-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மக்கள் கிளர்ச்சியால் அந்நாட்டு அதிபர் பதவியிழந்தார். வழக்கு மீண்டும் எடுக்கப்பெற்று, 2015-ஆம் ஆண்டு இறுதியில் பழைய காவற்படையினர் மூவர் மீது குற்றம் சாட்டப்பெற்றது. அவ்வாண்டிலேயே அவதூறுக்காகச் செய்தியாளரைச் சிறையிலிடும் வழக்கமும் சட்டத்தினின்று நீக்கப்பெற்றது. அரசு வழக்கறிஞர் ஒருவரைக் குறை கூறி எழுதியமைக்காக ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்ற லோஹே இசா கொனாட்டே என்னும் இதழாசிரியர், அருஷா மன்றத்தில் 2014 டிசம்பரில் வென்ற வழக்கே இம்மாற்றத்திற்கு வித்தாயிற்று.

இத்தகைய தீர்ப்புகள் அரசுகள் எல்லாவற்றிற்கும் உவப்பாக இல்லை. தனி மனிதரும் சங்கங்களும் அருஷா மன்றத்தை நேரே அணுகவேண்டுமாயின், அவர்தம் அரசு அதற்கு இசைந்து தனியே ஓர் உறுதிமொழி தந்திருத்தல் வேண்டும். அவ்வாறு தந்த நாடுகள் சிலவே. அவற்றுள்ளும் ருவாண்டா 2016-இலும், மன்றம் வீற்றிருக்கும் தன்சானியாவே 2019-இலும், பெனினும் ஐவரி கோஸ்டும் 2020-இலும் தம் உறுதிமொழியைத் திரும்பப் பெற்றன. 2025-இல் துனிசியாவும் அவ்வழியே சென்றது. ஆணையமும் இடுக்கணுக்குத் தப்பவில்லை. தான் 2015-இல் பார்வையாளர் தகுதி அளித்த சங்கம் ஒன்றினிடமிருந்து, ஒன்றியத்தின் அமைச்சர் குழு வற்புறுத்தியமையால், அத்தகுதியை 2018-இல் பறிக்க நேர்ந்தது.

கண்டத்தின் பொது நெறியை நாட்டுச் சட்டமாக்கும் முயற்சியும் நடந்துள்ளது. உரிமை காப்போர்க்கெனத் தனிச் சட்டத்தை ஆப்பிரிக்காவில் முதன்முதல் இயற்றிய நாடு ஐவரி கோஸ்ட், ஆண்டு 2014. புர்கினா பாசோ 2017-இலும், மாலி 2018-இலும், நைஜர் 2022-இலும், காங்கோ ஜனநாயகக் குடியரசு 2023-இலும் அதனைப் பின்பற்றின. நைஜரின் தலைநகராகிய நியாமியில் 2017-இற் கூடிய ஆணையமும் இத்தகைய சட்டங்களை இயற்றுமாறு நாடுகளை வேண்டியது. இச்சட்டங்களைக் கற்போர் ஒன்றைக் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும். உரிமை காப்போர் யாவர் என்பதை அரசின் பதிவேடு கொண்டு வரையறுக்கும் சட்டம், காப்பதற்கு மாறாகக் கட்டுவதற்கும் பயன்படும். பதிவேட்டில் பெயரில்லாத தாய், காணாமற்போன மகனைத் தேடும் உரிமையை இழந்துவிடுவாளோ?

மாலியில் 2020-இலும், புர்கினா பாசோவில் 2022-இலும், நைஜரில் 2023-இலும் படையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். புர்கினா பாசோவில் அரசைக் குறை கூறியோர் சிலர்க்கு, போர்முனைக்குச் செல்லுமாறு 2023-இல் ஆணை பிறந்தது. இம்மூன்று நாடுகளும் 2025-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகத்தினின்று விலகின. ஹைடாரா வழக்கைத் தீர்த்த நீதிமன்றம் அச்சமூகத்திற்கே உரியது. ஆயினும், ஆப்பிரிக்கச் சாசனத்தினின்று அவை விலகவில்லை. ஆதலின், அந்நாடுகளில் துன்புறும் ஒருவர் பான்ஜுலுக்கு முறையீடு விடுக்க இன்றும் வழியுண்டு. அம்முறையீட்டை எடுத்து அரசுக்கு மடல் எழுதச் சிறப்பு அறிக்கையாளரும் ஆங்கு உளர்.